ஊக்கு குத்திய நீலச் செருப்பு

புதுச்சேரி
12.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பாலகுரு எழுதுகிறேன். தீபாவளிக்கு வந்தபோது போட்ட சண்டைக்குப் பிறகு என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய். அப்பா போனுக்கு அடித்தால், "ஒங்கக்கா வேலைக்குப் போயிருக்கா" என்று ஒரே பதில். ஞாயிற்றுக்கிழமையுமா அந்த அச்சாபீஸ் ஓடுகிறது? அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவதென்றாலும் கையில் வாங்கித்தானே கிழிக்க வேண்டும்.

"கூத்தாட ஒரு காலேஜு, அதுல துணி தைக்க ஒரு பரீட்சையாலே?" என்று அன்றைக்குக் கேட்டாய். சிரிப்பு வந்தாலும் கோபத்தில் சிரிக்கவில்லை. பதில் இப்போது சொல்கிறேன். போன வருஷம் நடிப்புப் பயிற்சி. இந்த வருஷம் இயக்கமும் உடை தயாரிப்பும். கடைசிப் பருவத்தில் ஒவ்வொருவரும் ஒரு நாடகத்தை இயக்கி, அதற்கு வேண்டிய உடைகளையும் தன் கையால் செய்து மேடையேற்ற வேண்டும். அதில் தேறினால்தான் பட்டம். என் நாள் மார்ச் 22.

என் நாடகம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நடக்கிறது. மருந்து செலுத்தும் அறையில் நாலு பெண்கள். உள்ளே செருப்போடு போகக்கூடாது என்பதால் வாசலில் நாலு ஜோடி செருப்பு கிடக்கும். வெடிப்பதை நான் காட்டப்போவதில்லை. செருப்பை மட்டும் காட்டுவேன்.

இரண்டு பொருள் வேண்டும். சேலைக்கு மேல் அம்மா போட்டுக்கொண்டு வேலைக்குப் போகும் அப்பாவின் முழுக்கைச் சட்டை ஒன்று. அம்மாவின் செருப்பு ஒன்று. எங்கள் உடை ஆசிரியர் கற்பகவல்லி அம்மாவுக்குப் புதுத் துணியை மேடையில் பார்த்தாலே ஆகாது. உழைத்த துணிக்கும் உழைக்காத துணிக்கும் கடைசி வரிசையில் இருப்பவனுக்கே வித்தியாசம் தெரியும் என்பார். அனுப்புவாயா?

உன் தம்பி
பாலகுரு

ஆமத்தூர்
21.1.2025

ஏலே பாலா,

கடிதம் வந்தது. உறையின் ஓரத்தைப் பிரித்து மறுபடி ஒட்டியிருக்கிறது. எங்கள் தபால்காரர் பிரித்திருக்க மாட்டார், மனுஷனுக்கு இந்தத் தெருவில் நிற்கவே நேரம் கிடையாது. அங்கேதான் யாரோ படித்திருக்கிறார்கள். யார் என்று முதலில் சொல்.

அம்மா போய் எட்டு வருஷம் ஆகிறது. அவள் பொருள் ஒன்றைக்கூட நீ கேட்டதில்லை. ஒரு சேலையை விரித்துப் படுத்துக்கொள்ளவாவது கேட்டாயா? இப்போது திடீரென்று சட்டை வேணும், செருப்பு வேணும் என்றால் நான் என்ன நினைப்பது? போன வாரம் கழுத்தில் கேமரா மாட்டிய ஒரு ஆள் டீக்கடையில் உட்கார்ந்து ஆனைக்குட்டம் பக்கம் நடந்த பழைய வெடி விபத்துகளை விசாரித்துவிட்டுப் போனான். போன வாரம் அவன் வருகிறான், இந்த வாரம் உன் கடிதம் வருகிறது. உன் ஆளா அவன்? உண்மையைச் சொல்லிவிடு. அவன் என்னவெல்லாம் கேட்டான் என்று டீக்கடையில் நான் விசாரித்து வைத்திருக்கிறேன். நீ சொல்வதோடு ஒத்துப் பார்ப்பேன்.

செருப்பு இல்லை. அன்றைக்குக் கம்பெனி வாசலில் போலீஸ் கயிறு கட்டி, கிடந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். அதோடு அதுவும் போயிற்று. சட்டையை அப்பா தோட்டத்துச் சோளக்கொல்லைப் பொம்மைக்கு மாட்டிவிட்டார்.

உனக்கு நாடகம்தானே போட வேணும்? கல்யாணம், சீர்வரிசைச் சண்டை என்று சிரிக்கிற மாதிரி ஒன்று போடேன். நம் தெருவிலேயே அம்புட்டுக் கதை கிடக்கிறதே. அந்த அறை வாசலுக்கு மட்டும் போகாதே, சொல்லிவிட்டேன்.

பொன்மணி

புதுச்சேரி
29.1.2025

அக்காவுக்கு,

உறையைப் பிரித்தது நான்தான். ஒட்டிய பிறகு நாடகத் தேதியை எழுதாமல் விட்டது ஞாபகம் வந்து பிரித்தேன். கேமராக்காரனை எனக்குத் தெரியாது. ஒத்துப் பார்த்துக்கொள்.

நீயும் ஒன்றுக்குப் பதில் சொல். நேற்று அப்பாவிடம் பேசினேன். பேச்சுவாக்கில், "ஒங்கம்மா செருப்பு தகரப் பொட்டிக்குள்ளதான் கெடக்கு. ஒங்கக்கா என்னையவே தொட விடமாட்டா" என்றார். சொன்ன உடனே இருமினார், பிறகு ஆட்டுக்குத் தண்ணீர் காட்டணும் என்று வைத்துவிட்டார். போலீஸ் அள்ளிக்கொண்டு போன செருப்பு எப்படி நம் வீட்டுத் தகரப் பெட்டிக்குள் வந்தது? சோளக்கொல்லைப் பொம்மையைப் பற்றியும் கேட்டேன். நாம் சோளம் போட்டு மூணு வருஷமாகிறதாம்.

எனக்கு எதையும் சொல்லாமல் இருப்பது உங்கள் இரண்டு பேருக்கும் புதிதில்லை. அம்மா இறந்த அடுத்த வாரமே என்னைச் சாத்தூர் ஹாஸ்டலில் கொண்டுபோய்ப் போட்டீர்கள். அழக்கூட ஆள் இல்லாத இடம் அது. படிப்புக்காக என்றாய். நான் அன்றைக்கே நம்பவில்லை.

எனக்குச் செருப்பு வேண்டும். ஏன் தரமாட்டாய் என்ற காரணம் அதைவிட அதிகமாக வேண்டும்.

பாலகுரு

ஆமத்தூர்
6.2.2025

பாலா,

கோபப்படாதே. அப்பா சொன்னது சரிதான். பெட்டியின் அடியில் கிடந்திருக்கிறது, எனக்கே மறந்துபோயிற்று. வேலைக் களைப்பில் ஏதோ எழுதிவிட்டேன். இந்தக் கடிதத்தோடு பார்சலும் வருகிறது. சட்டை இருக்கிறது, செருப்பு இருக்கிறது. மேடையில் வை, பரீட்சையில் தேறு, திருப்பி அனுப்பு. இனி இதைப் பற்றிப் பேச வேண்டாம்.

போடுவதுதான் போடுகிறாய், ஒழுங்காகப் போடு. சட்டையின் கழுத்துப் பித்தான் வரைக்கும் பூட்டியிருக்க வேண்டும். வளையல், கொலுசு கூடாது. நைலான் சேலை கட்டி வந்தால் அந்தக் காலத்தில் கேட்டிலேயே திருப்பி அனுப்புவார்கள், உன் பிள்ளைகளுக்குப் பருத்திச் சேலை கட்டிவிடு. செருப்பை உள்ளே பார்த்து விடக்கூடாது. வெளியே பார்த்துத்தான் திருப்பி விடுவோம், ஓட வேண்டியது வந்தால் மாட்டிக்கொண்டு ஓடலாம் என்று. அப்படி யாரும் மாட்டிக்கொண்டு ஓடி நான் பார்த்ததில்லை.

சாப்பிடுகிறாயா? தீபாவளிக்கு வந்தபோது கன்னமெல்லாம் ஒட்டிக் கிடந்தது. கேட்க நினைத்தேன், அதற்குள் சண்டை வந்துவிட்டது.

அக்கா

புதுச்சேரி
15.2.2025

அக்காவுக்கு,

சட்டை அப்பாவுடையதுதான். கையை மடித்த இடத்தில் வெள்ளிப் பொடியின் சாம்பல் நிறம் இன்னும் இருக்கிறது. முகர்ந்து பார்த்துவிட்டு ஒரு நாள் முழுக்க எந்த வேலையும் ஓடவில்லை.

செருப்பு அம்மாவுடையது இல்லை.

பழசாக்குவது எங்களுக்கு ஒரு பாடம் அக்கா. புதுச் செருப்பைச் சிமெண்ட் தரையில் தேய்த்தால் கோடுகள் எல்லாம் ஒரே பக்கம் ஓடும். நடந்து தேய்ந்த செருப்பில் அப்படி ஓடாது. முதல் பருவத்தில் நானே இப்படித் தேய்த்துக் கொடுத்து, "இத யாரு போட்டு நடந்தா, தரையா?" என்று கற்பகவல்லி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நீ நம் கிணற்றடியில் வைத்துத் தேய்த்திருக்கிறாய். சாந்து இன்னும் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது. அதோடு இது ஆறாம் நம்பர். அம்மாவுக்கு எட்டு. அவள் இடது காலை இழுத்து நடப்பாள், இடது செருப்பின் வெளி ஓரம்தான் முதலில் தேயும். எனக்கு மறந்திருக்கும் என்று நினைத்தாயா?

இப்போது நான் ஒன்று காட்டுகிறேன். உள்ளே ஒரு ஜெராக்ஸ் வைத்திருக்கிறேன். விபத்துக்கு மறுநாள் பேப்பரில் வந்த படம். ஏழாம் நம்பர் அறை வாசலில் நாலு ஜோடி செருப்பு. இடது பக்கம் கடைசியாக இருப்பதைப் பார். நீல வார். வலது செருப்பில் வார் அறுந்த இடத்தில் ஊக்கு குத்தியிருக்கிறது. அந்த ஊக்கை நீ குத்தியபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். அது உன் செருப்பு. இந்தப் படம் பத்தாம் வகுப்பிலிருந்து என் பெட்டியில் இருக்கிறது.

அந்த அறை உன் அறை. அம்மா காகிதக் குழாய் சுற்றும் ஷெட்டில்தான் வேலை பார்த்தாள். ஆனால் செத்தது அம்மா. நீ ஒரு கீறல்கூட இல்லாமல் வீட்டில் நின்றாய். அதற்குப் பிறகு எந்தப் பட்டாசுக் கம்பெனி வாசலையும் நீ மிதிக்கவில்லை. தெருவில் உன்னை என்ன சொல்வார்கள் தெரியுமா? "செத்துப் பொழைச்சவ." எனக்கு எதிரே பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

என் நாடகத்தில் ஒரு மகள் இருக்கிறாள். பொறி தட்டியதும் அம்மாவை உள்ளே விட்டுவிட்டு வெறுங்காலோடு வெளியே ஓடிவிடுகிறாள். அவளுக்கு ஒரு வசனம் எழுத வேண்டும், எழுத வரவில்லை. ஏன் ஓடினாள் என்று அவளே சொன்னால்தான் உண்டு.

அன்றைக்குப் பள்ளிக்கூட ஆண்டு விழா. கலெக்டரிடம் மனு கொடுக்கும் அம்மாவாக நான் நடித்தேன். எல்லார் வீட்டிலிருந்தும் ஆள் வந்திருந்தார்கள், நம் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. நான் மேடையில் நின்று கூட்டத்தில் உங்களைத் தேடிக்கொண்டிருந்தபோது நீ எங்கே இருந்தாய் அக்கா?

பாலகுரு

ஆமத்தூர்
3.3.2025

பாலா,

உன் கடிதத்தை அச்சாபீஸில் காகிதக் கட்டுகளுக்கு நடுவே நின்று படித்தேன். மேஸ்திரி என்ன ஆச்சு என்று கேட்டார். தலை சுற்றுகிறது என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டேன். பத்து நாளுக்கு மேலாக உனக்கு எழுதி எழுதிக் கிழித்தேன். இது ஏழாவது.

எட்டு வருஷமாக என்னை அப்படி நினைத்துக்கொண்டா என் கையால் சோறு வாங்கித் தின்றாய்? பெற்றவளை உள்ளே விட்டுவிட்டு ஓடி வந்தவள் என்றா? நேரில் இருந்திருந்தால் இரண்டு அறை விட்டிருப்பேன்.

சரி, கேட்டுக்கொள். கேட்ட பிறகு ஏன் சொன்னாய் என்று என்னிடம் வராதே.

ஆண்டு விழாவுக்கு முந்தின நாள் உன் வேஷத்துக்குச் சேலை எடுத்து வைத்தது யார்? நான்தானே. பொம்பளைச் செருப்பு வேணும் என்றாய். என் செருப்பு உன் காலுக்குப் பத்தாது. அதனால் அம்மாவுடையதைத் துணியில் சுற்றி உன் பைக்குள் வைத்தேன். மேடையில் நீ போட்டிருந்தது அம்மாவின் செருப்பு. நீ கவனித்திருக்க மாட்டாய். வசனம் மறந்துவிடுமோ என்ற பயத்தில் இருந்தாய்.

காலையில் அம்மா, "ஏட்டி, என் செருப்பெங்க?" என்றாள். "பாலா வேசத்துக்குக் குடுத்துட்டேன். நான் இன்னிக்கு லீவுதான, என்னோடத மாட்டிட்டுப் போ" என்றேன். "எம் மகன் என் செருப்புல நின்னு கலெக்டர்கிட்ட பேசப் போறானாக்கும்!" என்று சிரித்தாள். குதிகால் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, என் ஊக்கு குத்திய செருப்பைப் போட்டுக்கொண்டுதான் போனாள்.

நான் எதற்கு லீவு எடுத்தேன் என்று நினைக்கிறாய்? உன் நாடகம் பார்க்கத்தான். செருப்பில்லாமல் வந்தேன். வெறுங்காலோடு உன் கூட்டாளிகள் முன்னால் வந்து நின்றால் உனக்குக் கேவலமாக இருக்கும் என்று மதில் ஓரம் வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றேன். மனுவை நீட்டிக்கொண்டு "அய்யா, நான் படிக்கல, ஆனா பயப்படவும் இல்ல" என்று சொன்னாயே, அப்போது கை வலிக்கத் தட்டினேன். நீ தேடினாய் என்பது இப்போதுதான் தெரிகிறது. தெரிந்திருந்தால் வெளியே வந்திருப்பேனே.

நான் லீவு என்பதால் என் அறையில் ஒரு ஆள் குறைந்தது. போர்மேன் பெத்தணன் ஷெட்டில் இருந்த அம்மாவை அங்கே அனுப்பிவிட்டான். பதிவேட்டில் மாற்றவில்லை. வெடித்ததும் பனங்காட்டு வழியாக ஓடிப் போய்விட்டான். உள்ளே இருந்தது யார் என்று சொல்ல அந்த இடத்தில் ஆள் இல்லை. எரிந்தவர்களை முகம் பார்த்துச் சொல்ல முடியாது. எங்கள் கம்பெனியில் அப்போது என்ன செய்வோம் தெரியுமா? வாசல் செருப்பைப் பார்த்துப் பேர் சொல்வோம். பொன்னுத்தங்கம் அத்தை ஊக்கைப் பார்த்துவிட்டு, "அய்யோ, இது நாகையா மக பொன்மணி செருப்பு" என்று கதறியிருக்கிறாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அறையும் என் அறை, செருப்பும் என் செருப்பு.

நான் பஸ்ஸைவிட்டு இறங்குகிறேன், தெருவே கூடி நிற்கிறது. அப்பா தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என்னைக் கண்டதும் ஓடி வந்து என் முகத்தைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அந்த நேரம் கம்பெனி ஆள் ஒருவன் போன் செய்தான். "ஒங்க மக பொன்மணிய மதுரைக்குக் கொண்டு போறோம், உசுரு இருக்கு, ஒடனே வாங்க" என்றான். அப்பா சந்தோஷத்தில் கத்தினார். "எம் மக இங்கன என் பக்கத்துல நிக்கா. அது வேற யாரோ. எங்க ஆளு இல்ல!"

நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன் பாலா. ஆமா, எங்க ஆளு இல்ல என்று.

பேர் சொன்னது என் செருப்பைப் பார்த்து என்று அப்போது எனக்குத் தெரியாது. அம்மா ஷெட்டு ஆள், அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று நினைத்தோம். வெள்ளிக்கிழமை வேறு, கம்பெனியை மூடியதும் இருக்கன்குடி கோயிலுக்குப் போயிருப்பாள் என்றார் அப்பா. எனக்குக் கலர் சோடா உடைத்துக் கொடுத்துக் குடிக்கச் சொன்னார். நான் குடித்தேன். அந்த நேரம் அவள் மதுரை ஆஸ்பத்திரியில் என் பேரில் படுத்துக் கிடந்தாள். பொழுது சாயும்போது பெத்தணன் போனை எடுத்து உண்மையைச் சொன்னான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உயிர் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. இடது காலைப் பார்த்துத்தான் அடையாளம் சொன்னேன். கட்டிலில் மாட்டியிருந்த அட்டையில் பொன்மணி என்று எழுதியிருந்தது.

வலியில்லாமல் அங்கேயே போய்விட்டாள் என்று உன்னிடம் சொன்னது பொய். அன்றைக்கு நீ பரிசாக வாங்கிய டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாய். பையைத் திறந்தேன், அம்மா செருப்பு இருந்தது. இதை எப்படியடா உன்னிடம் சொல்வது? செருப்பு கேட்டது நீ, எடுத்துக் கொடுத்தது நான், எங்க ஆளு இல்ல என்றது அப்பா. மூன்று பேரில் ஒருத்தனாவது தெரியாமல் இருக்கட்டும் என்று அப்பாவும் நானும் பேசி முடிவு செய்தோம். தெருவில் யாராவது உளறிவிடுவார்கள் என்றுதான் உன்னை ஹாஸ்டலில் போட்டோம்.

நிஜச் செருப்பை அனுப்பினால் நீ மேடையில் போட்டது அதுதான் என்று கண்டுபிடித்துவிடுவாய் என்று பொய்ச் செருப்பு அனுப்பினேன். அதிலும் பிடித்துவிட்டாய். நல்ல படிப்புத்தான் படிக்கிறாய்.

அப்பாவிடம் இதைக் கேட்காதே. இன்றைக்கும் போன் அடித்தால் இரண்டு தடவை யார், யார் என்று கேட்டுவிட்டுத்தான் பேசுகிறார்.

பொன்மணி

புதுச்சேரி
10.3.2025

அக்கா,

மூன்று நாள் ஒத்திகைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

நீ மரத்துக்குப் பின்னால் நின்றாய். வெறுங்காலோடு நின்றாய். நான் எட்டு வருஷம் உன்னைத் திருடியைப் பார்ப்பது போலப் பார்த்தேன். நீ போட்ட சோற்றைத் தின்றுகொண்டே பார்த்தேன். நேரில் வரும்போது அந்த இரண்டு அறையையும் கொடுத்துவிடு.

செருப்பு கேட்டவன் நான்தான். அதை எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் அது போகமாட்டேன் என்கிறது. ஆனால் நீயும் அப்பாவும் இதை இத்தனை வருஷம் வைத்துக்கொண்டு என் முன்னால் சாதாரணமாக நடமாடியிருக்கிறீர்கள். நடிப்புக்கு எனக்கு மார்க் போடுகிறார்கள், அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மகள் ஓடும் காட்சியை எடுத்துவிட்டேன். அவளுக்கு வசனம் ஏன் வரவில்லை என்று இப்போது தெரிகிறது. அப்படி ஒருத்தி இல்லவே இல்லை. அந்த இடத்தில் வேறு ஒரு காட்சி வந்து நிற்கிறது. வெடித்த பிறகு ஒருத்தி ஓடி வந்து, வாசல் செருப்பைப் பார்த்துப் பேர் சொல்கிறாள். தப்பான பேர். அதோடு விளக்கு அணைகிறது.

உன்னைக் கேட்காமல் இதை மேடையேற்ற மாட்டேன். வேண்டாம் என்று ஒரு வரி எழுது, நிறுத்திவிடுகிறேன். பட்டத்தை அடுத்த வருஷம் வாங்கிக்கொள்ளலாம். சண்டைக்காகச் சொல்லவில்லை, நிஜமாகச் சொல்கிறேன். செருப்பும் அனுப்ப வேண்டாம். பெட்டியிலேயே இருக்கட்டும்.

பாலா

ஆமத்தூர்
17.3.2025

ஏலே பாலா,

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவரிடம் கேட்காதே என்று உனக்குச் சொல்லிவிட்டு நானே சொல்லிவிட்டேன், என்ன செய்ய. எழுந்து போய் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தார். அப்புறம், "போடட்டும்த்தா. ஆனா தப்பான பேரோட வெளக்க அமத்த வேணாம்னு சொல்லு. சரியான பேரையும் சொல்லிட்டு அமத்தச் சொல்லு" என்றார். சொல்லிவிட்டேன். இனி நீயாச்சு, உன் வாத்தியாராச்சு.

மேஸ்திரியிடம் இரண்டு நாள் லீவு சொல்லியாயிற்று. எட்டு வருஷத்தில் நானாகக் கேட்ட முதல் லீவு. அப்பாவும் வருகிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் விருதுநகரில் பஸ் ஏறுகிறோம். உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன், வந்து சேர்ந்ததும் அடிப்பேன். இந்த முறை மரத்துக்குப் பின்னால் நிற்க மாட்டேன், முன்வரிசையில் மூன்று இடம் பிடித்து வை. இரண்டு எங்களுக்கு. மூன்றாவதில் யாரையும் உட்கார விடாதே.

அம்மா செருப்பைப் பார்சலில் அனுப்ப மாட்டேன். போட்டுக்கொண்டே வருகிறேன். எனக்கு ஒரு விரற்கடை பெரிசு, நடந்தால் சத்தம் போடுகிறது. உன் மேடை வாசலில் வெளியே பார்த்துத் திருப்பி விட்டுவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போய் உட்கார்ந்துகொள்வேன்.

இது யார் செருப்பு என்று கேட்கிற இடம் வரும்போது நீயே மேடைக்கு வந்து சொல். இருளம்மாள் என்று சொல். எங்க ஆளு என்று சொல்.

அக்கா